கொடியக்காவின் இடது காது

சங்ககிரியில் சென்னியப்பனின் லாரி புக்கிங் ஆபீசில் பத்தொன்பது வருஷமாகப் போன் பேசுவதையே வேலையாகப் பார்த்துவந்த தனக்கொடியின் இடது காதிலிருந்து, மாசி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை காலை பத்தேகாலுக்கு, அவள் டீயை ஆற்றிக்கொண்டிருந்தபோது, ஒரு டிரைவர் பேச ஆரம்பித்தான். "கொடியக்கா, விஜயவாடா தாண்டிட்டேனுங்க. டீசல் டேங்கு ஒழுகுது. சோப்புக்கட்டிய வெச்சு அடைச்சிருக்கறேன். முதலாளிகிட்டச் சொல்லிப்போடாதீங்க" என்றான். எதிர் மேஜையிலிருந்த சென்னியப்பன் தலையைத் தூக்காமலே, "ஸ்பீக்கர அமத்தம்மிணி" என்றார். தனக்கொடி போனை எடுத்துக் காட்டினாள். அது அணைந்து கிடந்தது. அதற்குள் சோப்பு வைத்தவன் முடித்துக்கொண்டு, அடுத்தவன் ஓங்கோலிலிருந்து மழையைப் பற்றிச் சொல்லத் தொடங்கியிருந்தான்.

அவளுடைய வீட்டுக்காரர் கொழந்தவேலு பக்கத்திலேயே பஞ்சர் கடை வைத்திருந்தார். ஆள் விட்டுக் கூப்பிட்டதும் கையில் கிரீஸோடு வந்தார், குனிந்து இடது காதில் காதை வைத்துக் கேட்டார், "இது நம்ம ராமாயிபட்டி அங்கப்பனாட்ட இருக்குதே" என்றார். கடைவீதியிலிருந்த காது டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். அவர் டார்ச் அடித்துப் பார்த்து, குழாய் வைத்துக் கேட்டு, ஒரு நிமிஷம் முழுக்க அங்கப்பனின் பேச்சில் லயித்துப்போய், "காது சுத்தமாத்தானுங்க இருக்குது. உள்ள யாரோ பேசறாங்க, அவ்வளவுதான்" என்று சொல்லி, எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு சொட்டு மருந்து எழுதிக்கொடுத்தார்.

இரண்டு மூன்று நாளில் ஊருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. தனக்கொடி இரண்டு கையாலும் எழுதவும் புரட்டவும் வேண்டியிருந்ததால் போனை வலது காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டே பேசிப் பழகியவள். அந்தப் பழக்கத்தில் கழுத்துகூட வலது பக்கம் சாய்ந்துவிட்டது. மற்றவர்கள் எல்லாம் பேச்சை ஒரு காதில் வாங்கி இன்னொரு காதில் விட்டுவிடுவார்கள். இவள் வாங்கியதோடு சரி, விடவேயில்லை. பத்தொன்பது வருஷமாக உள்ளே நின்ற பேச்சுதான் இப்போது வெளியே வருகிறது என்று எல்லாரும் தாமாகவே புரிந்துகொண்டார்கள், அதற்கு மேல் யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. அவள் வேலைக்குச் சேர்ந்த இரண்டாயிரத்து ஆறு ஜனவரியிலிருந்து வரிசை பிசகாமல் வந்தது. ஒரு நாளில் ஒரு மாதத்துப் பேச்சு ஓடியது. அவள் பேசியது வராது, அவள் காதில் விழுந்தது மட்டும்தான் வரும். விளக்கு வைக்கிற நேரத்துக்கு நின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் லீவு என்பதால் காதும் லீவு.

முதல் வாரம் முடிவதற்குள் டிரைவர்களின் சம்சாரங்கள் வர ஆரம்பித்தார்கள். வீட்டுக்கு ஒரு ஆள் ஸ்டியரிங் பிடித்த ஊர் அது. வருகிறவர்கள் ஆளுக்கொரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, தனக்கொடியின் இடது பக்கமாகப் போட்டு உட்கார்ந்து, முருங்கைக்கீரை உருவினார்கள், பூக் கட்டினார்கள், காதைத் தீட்டிக்கொண்டார்கள். வடக்கே போன புருஷன்மார்கள் வீட்டுக்குப் போன் போட்டால் சாப்பிட்டேன், தூங்கினேன், நல்லாயிருக்கிறேன் என்ற மூன்று வார்த்தைதான் சொல்வார்கள். மிச்சத்தையெல்லாம் கொடியக்காவிடம் சொன்னார்கள் என்பது அவர்களுக்கு இப்போதுதான் தெரிந்தது. "என்ற ஊட்டுக்காரரு அன்னைக்கு எங்கிட்ட மட்டன் பிரியாணி தின்னேன்னு சொன்னாருங்க" என்று ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். காதுக்குள் அவர், மூன்று நாளாகக் காய்ந்த ரொட்டியும் வெங்காயமும் தின்று வயிறு எரிகிறது, ஊரில் இன்றைக்கு என்ன குழம்பாக இருக்கும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அன்று சாயங்காலம் அவள் வீட்டில் பத்தொன்பது வருஷம் கழித்து அந்த ஆளுக்குப் பிரியாணி கிடைத்தது. எதற்கென்று அவருக்கு விளங்கவில்லை.

எல்லாம் இப்படிக் கண்ணீரோடு முடியவில்லை. குவாலியரில் ஒருத்தருக்கு இருந்த சிநேகிதம் இரண்டாயிரத்து எட்டு மார்ச்சில் வெளியே வந்தது; அன்று அவர் வீட்டில் பறந்த பாத்திரங்களைப் பொறுக்கவே அரை நாளானது. டிரைவர்கள் சங்கத்தைக் கூட்டி, தனக்கொடியின் காதில் பஞ்சு வைக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். வைத்த பஞ்சைப் பெண்கள் பிடுங்கி எறிந்தார்கள். கடைசியில் சென்னியப்பன்தான் நடுவில் புகுந்து, பர்மிட்டுக்குக் காலாவதி இருப்பதுபோலப் பேச்சுக்கும் உண்டு, காதிலிருந்து வருவதெல்லாம் காலாவதியான பேச்சு, அதை வைத்து யாரும் வீட்டில் சண்டை கட்டக் கூடாது என்று சமாதானம் பண்ணிவைத்தார். அவரும் டேங்கில் சோப்பு வைத்த விஷயத்தை அந்த டிரைவரிடம் கேட்காமல் விட்டுவிட்டார்.

இதற்கிடையில், ஓயாமல் செல்போன் பேசினால் மூளையில் புற்று வருமாம் என்று யாரோ டீக்கடையில் படித்துச் சொல்ல, அது வாய்க்கு வாய் மாறி, கொடியக்காவின் காதுக்குள் புற்று இருக்கிறது என்று கிழக்கே காட்டுவளவு வரைக்கும் போய்விட்டது. வெள்ளிக்கிழமை காலை ஏழெட்டுப் பெண்கள் குளித்து முழுகி, மஞ்சள் குங்குமமும் ஒரு சொம்புப் பாலும் முட்டையும் எடுத்துக்கொண்டு ஆபீஸ் வாசலில் வந்து நின்றார்கள். புற்றென்றால் உள்ளே நாகம் இருக்கும், நாகம்தான் இத்தனை குரலில் பேசுகிறது என்பது அவர்கள் கணக்கு. தனக்கொடிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாலைக் காதில் ஊற்ற விடவில்லை; எல்லாருக்கும் காபி போட்டாள். ஆனால் கொழந்தவேலு சிரிக்கவில்லை. அந்த வார்த்தை அவருக்கு வேறு மாதிரி விழுந்தது. கொஞ்ச நாளாக அவள் நடக்கும்போது வலது பக்கம் தள்ளுவதையும், வலது பக்கத்திலிருந்து கூப்பிட்டால் திரும்பாமல் இருப்பதையும் அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

கோயமுத்தூரில் பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்து, வலது காதின் நரம்பில் நெல்லிக்காய் அளவு ஒரு கட்டி இருக்கிறது என்று காட்டினார். பெரும்பாலும் இது நல்ல கட்டியாகத்தான் இருக்கும், ஆனால் இருக்கிற இடம் நல்ல இடமில்லை, மூளையின் தண்டைப் போய் முட்டுகிறது, விட்டுவைத்தால் உயிருக்கு ஆபத்து என்றார்.

"செல்போன் பேசித்தானுங்க வந்துது?" என்று கொழந்தவேலு கேட்டார். ராத்திரியெல்லாம் தூங்காமல் அதையே கேட்க வேண்டும் என்று வைத்திருந்த கேள்வி.

"அப்படிச் சொல்ல முடியாதுங்க. ஆராய்ச்சி பண்றவங்களே இன்னும் ஆமான்னு அடிச்சுச் சொல்லலை. போனையே தொடாதவங்களுக்கும் இது வருது. இவங்களுக்கு ஏன் வந்துதுன்னு எனக்குத் தெரியாது. எடுத்தாகணும்கிறது மட்டும் தெரியும்."

"எடுத்துட்டா இந்தக் காது?"

"வலது காது கேக்காது. இடது காது பேசாதுன்னு நெனைக்கிறேன்" என்றார் டாக்டரம்மா. அந்த நேரத்தில் காது இந்தூர் செக்போஸ்டைத் திட்டிக்கொண்டிருந்ததால் கொஞ்சம் உரக்கவே சொன்னார். வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை வந்து படுத்துவிடுங்கள், அந்தத் தேதியை விட்டால் அடுத்தது கிடைக்க ஒரு மாதமாகும், அதுவரை கட்டி பொறுக்குமா என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன் என்றார்.

கட்டி என்றதும் தனக்கொடிக்கு முதலில் வந்தது பயமில்லை, நிம்மதி. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். அவள் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டிய வெள்ளிக்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமைதான் காதில் இரண்டாயிரத்துப் பன்னிரண்டு அக்டோபர் வரும். அந்த அக்டோபரில்தான் டிரைவர் செங்கோடன் செத்துப்போனான்.

வெளிமாநிலத்தில் போனை எடுத்தாலே காசு போன காலம் அது. அதனால் டிரைவர்களுக்கும் ஆபீசுக்கும் வீட்டுக்கும் மிஸ்டு காலில் ஒரு பாஷை இருந்தது. ஒரு ரிங் விட்டால், நீங்கள் திருப்பிக் கூப்பிடுங்கள். மூன்று ரிங் விட்டால், சரக்கை இறக்கியாச்சு, திரும்பி வர லோடு பாருங்கள். இரண்டு ரிங் விட்டால், போய்ச் சேர்ந்துட்டேன். இரண்டு ரிங்கில் நின்ற போனை எடுக்கவும் மாட்டார்கள், திருப்பிக் கூப்பிடவும் மாட்டார்கள். செங்கோடன் ஜவ்வரிசி லோடு ஏற்றிக்கொண்டு நாக்பூர் போனவன். மத்தியானம் இரண்டு மணிக்கு அவனிடமிருந்து இரண்டு ரிங் வந்தது. தனக்கொடி போனைப் பார்த்துவிட்டு, சோற்றைப் பிசைந்துகொண்டே, அவன் சம்சாரம் வசந்தாமணிக்குப் போன் போட்டு, "உன்ற ஊட்டுக்காரரு போய்ச் சேர்ந்துட்டாரு" என்று சொன்னாள். "செரிங்க்கா" என்றாள் வசந்தாமணி. மறுநாள் காலையில் நாக்பூருக்கு நாற்பது கிலோமீட்டர் முன்னாலேயே, ரோட்டோரம் ஒதுக்கி நிறுத்திய லாரியில், நெஞ்சைப் பிடித்தபடி கிடந்தவனை எடுத்தார்கள். போன் மடியில் கிடந்ததாம்.

அவன் போய்ச் சேரவில்லை. கூப்பிட்டிருக்கிறான். எடுக்கிற வரைக்கும் போனைப் பிடித்திருக்க அவன் கையில் தெம்பு இல்லை, இரண்டு ரிங்கோடு அறுந்துவிட்டது. திருப்பிக் கூப்பிட்டிருந்தால் பக்கத்தில் எந்த வண்டியையாவது அனுப்பியிருக்கலாம். அந்த ரோட்டில் அன்றைக்கு நம் ஊர் வண்டி நான்கு ஓடிக்கொண்டிருந்தது. கூப்பிடாததைவிட, தன் வாயாலேயே சம்சாரத்துக்குப் போன் போட்டுப் போய்ச் சேர்ந்துட்டாரு என்று சொன்னதுதான் தனக்கொடியைப் பதிமூன்று வருஷமாக அரித்தது. வசந்தாமணி அதைப் பற்றி ஒரு நாளும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கடைவீதியில் பார்த்தால் நல்லாயிருக்கீங்களாக்கா என்பாள். கேட்டுவிட்டாலும் பரவாயில்லை என்று தனக்கொடிக்கு இருக்கும்.

அந்த வசந்தாமணிதான் மாசியிலிருந்து ஒரு நாள் தவறாமல் காலையில் முதல் ஆளாக வந்து, காதுக்கு மிக நெருக்கமாக முக்காலியைப் போட்டு உட்கார்ந்தவள். காதில் செங்கோடன் வாரத்துக்கு ஒரு தடவையாவது வருவான், சிரிப்பான், ஒடிசாக்காரன் பாஷையைப் பேசிக் காட்டுவான். அவள் குனிந்தபடி பூக் கட்டிக்கொண்டே கேட்பாள். அவன் கடைசியாக என்ன சொன்னான் என்று கேட்கத்தான் காத்திருக்கிறாள் என்று எல்லாரும் சொன்னார்கள். தனக்கொடிக்கு அவள் உட்காரும் பக்கமெல்லாம் உடம்பு கூசும். கட்டியோடு அந்த இரண்டு ரிங்கும் போய்விடும் என்றால் போகட்டும், ஆண்டவனே பார்த்துக் கொடுத்த கட்டி என்று கூட நினைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் பஸ் ஸ்டாண்டுக்கு ஊரே வந்திருந்தது. மிச்சமிருந்த பன்னிரண்டு வருஷப் பேச்சு வீணாகப் போகிறதே என்று சிலருக்கு உள்ளுக்குள் வருத்தம்தான்; ஆனாலும் முகத்தில் காட்டாமல் நின்றார்கள். வசந்தாமணி எலுமிச்சஞ்சோறு கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"நல்லபடியாப் போயிட்டு வாங்க்கா."

"இன்னும் மூணு நாளிருந்தா அவரோட கடைசிப் பேச்சு வந்திருக்கும், வசந்தா."

"அதுக்காக உங்க உசுரக் கேக்க முடியுங்களா? ஆறு வருசத்துக்கு அவரு கொரலக் கேட்டுட்டேன். எனக்குப் போதும், நீங்க போங்க."

அவள் ஏதாவது கோபமாகச் சொல்லியிருந்தால் தனக்கொடி போயிருப்பாள். எலுமிச்சஞ்சோற்றை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு நிமிஷம் சீட்டில் உட்கார்ந்து பார்த்தாள். கண்டக்டர் விசில் ஊதினான். அவள் எழுந்து இறங்கிவிட்டாள். கொழந்தவேலு கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக அவளை நடுரோட்டில் வைத்துக் கத்தினார், "சாகறதுன்னு முடிவு பண்ணிட்டியா?" என்று கேட்டார், பிறகு அங்கேயே உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். "திங்கக்கெழம வரைக்கும் பொறுங்க. இது வெளிய வராம என்னால படுக்க முடியாது" என்றாள். எது என்று அவர் கேட்டார். அவள் எலுமிச்சஞ்சோற்றைத் தூக்கிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.

திங்கட்கிழமை ஆபீசில் நிற்க இடமில்லை. காலையெல்லாம் யார் யாரோ பேசினார்கள். பஞ்சர், வேபில்லு, தீபாவளிக்கு லீவு கிடைக்குமா. பதினொன்றரை மணிக்குச் செங்கோடன் வந்தான். "கொடியக்கா, அதிலாபாத் தாண்டிட்டேனுங்க. நெஞ்சு கொஞ்சம் கரிக்குது. காரமாத் தின்னுபோட்டேனாட்ட இருக்குது, ஒரு சோடா குடிச்சாச் செரியாப் போயிரும். வசந்தாகிட்டச் சொல்லிப்போடாதீங்க, பயந்துக்குவா." பூக் கட்டிக்கொண்டிருந்த கைகள் எல்லாம் நின்றுவிட்டன. அதற்குப் பிறகு இரண்டு பேர் பேசினார்கள், யாரும் அவர்களைக் கவனிக்கவில்லை. காது சற்று ஓய்ந்தது. தனக்கொடி முகத்தைத் திருப்பி வசந்தாமணியை நேராகப் பார்த்தாள்.

"வசந்தா, இனி அவரு பேச மாட்டாரு. ரெண்டு ரிங்கு மட்டும் வரும். அத நான் எடுக்கலே. போய்ச் சேர்ந்துட்டாருன்னு நெனச்சு உங்கிட்டயும் அப்பிடியே சொன்னேன். நான் எடுத்திருந்தா உன்ற ஊட்டுக்காரரு உசுரோட இருந்திருப்பாரு. இதுக்குத்தான் வெள்ளிக்கெழம ஓடிப்போகப் பாத்தேன்."

சொல்லி முடிக்கவும் காதிலிருந்து பழைய போனின் மணிச் சத்தம் ஒரு தடவை அடித்தது. இன்னொரு தடவை அடித்தது. நின்றுவிட்டது.

வசந்தாமணி கையில் இருந்த பூவைக் கீழே வைத்தாள். அவள் கத்துவாள், அடிப்பாள் என்று பக்கத்தில் இருந்தவர்கள் முக்காலியை நகர்த்திக்கொண்டார்கள்.

"எனக்கும் ரெண்டு ரிங்கு வந்துதுங்க்கா" என்றாள்.

தனக்கொடிக்குப் புரியவில்லை.

"அதே மத்தியானம். உங்களுக்கு முன்னயோ பின்னயோ தெரியலே. கையெல்லாம் மாவு, போனு ஜன்னல்ல இருந்துது. கையக் கழுவீட்டு வரலாம்னு எந்திரிச்சேன், ரெண்டு ரிங்கோட நின்னுபோச்சு. செரி, போய்ச் சேர்ந்துட்டாருன்னு மறுபடியும் மாவப் பெசஞ்சேன். அதுக்கப்பறம் நீங்க போன் பண்ணிச் சொன்னீங்க, செரிங்க்கான்னேன். அவரு கூப்பிட்டும் நான் எடுக்கலேன்னு உங்ககிட்டச் சொல்லியிருப்பாரோன்னு பதிமூணு வருசமா உங்க மூஞ்சியப் பாக்கவே பயமுங்க்கா. அது வெளிய வரும்போது நானே கேட்டுக்கணும்னுதான் தெனமும் வந்து பக்கத்துல உக்காந்தேன். நான் உங்களுக்குப் பயந்தேன், நீங்க எனக்குப் பயந்தீங்களாக்கும்."

இரண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வசந்தாமணிக்குச் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து, பாதியில் அழுகையாகிவிட்டது.

"பாருங்க, போய்ச் சேர்ந்துட்டேன்னு நம்ம ரெண்டு பேர்த்துகிட்டயும் முறையாச் சொல்லிப்போட்டுத்தான் போயிருக்கறாரு. எந்த ஊருக்குன்னுதான் நாம கேக்கலே" என்றாள்.

தனக்கொடி அவள் மடியில் கவிழ்ந்து அழுதாள். பதிமூன்று வருஷத்தில் அழாததையெல்லாம் அழுதாள். அவள் முதுகுக்கு மேலே இடது காது தன்பாட்டுக்கு அடுத்த டிரைவரை விட்டது; அவன் வார்தாவில் நின்றுகொண்டு டயர் கேட்டான்.

அன்று மத்தியானமே ஊர்ப் பெண்கள் நாற்பது பேர் ஆளுக்கொரு போனிலிருந்து கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்கு மாற்றி மாற்றிக் கூப்பிட்டார்கள். மாலைக்குள் ஆஸ்பத்திரிக்காரர்கள் நொந்துபோய், வியாழக்கிழமையே வரச் சொல்லிவிட்டார்கள். கட்டி நல்ல கட்டிதான் என்று தெரிந்ததும், வலது காது கேளாமல் போனதும், இடது காது பேசாமல் போனதும், சென்னியப்பன் ஒரு மாதம் தானே போன் எடுத்துப் பேசிப் பார்த்துத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததும் எல்லாம் அப்புறம். வியாழக்கிழமை காலையில் பஸ்ஸில் தனக்கொடியின் வலது பக்கம் கொழந்தவேலுவும் இடது பக்கம் வசந்தாமணியும் உட்கார்ந்திருந்தார்கள். காது இரண்டாயிரத்துப் பதின்மூன்று ஜனவரிக்கு வந்திருந்தது. பவானி தாண்டியதும் முன் சீட்டுக்காரர் திரும்பி, கொஞ்சம் சத்தத்தைக் குறையுங்கள் என்றார். தனக்கொடிக்கு எத்தனையோ நாளுக்குப் பிறகு கண்ணைச் சுழற்றிக்கொண்டு தூக்கம் வந்தது. வசந்தாமணி அவள் தலையைத் தன் தோளில் சாய்த்து, அந்தக் காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள். அவினாசி வரைக்கும் அவள் கைக்குள்ளே யாரோ கொடியக்கா, கொடியக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தார்கள். அவள் கையை எடுக்கவில்லை.